கேமரா எடுத்த படத்தில் எடுத்தவரின் பங்கு எது?

நீங்கள் ஓவியம் பயின்றவர்; நண்பர்களுடன் சேர்ந்து ஒரு குழுக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறீர்கள்; அதில் இருவர் தங்கள் ஒளிப்படங்களையும் மாட்ட வேண்டும் என்கிறார்கள்; குழுவின் மூத்தவரோ, பொறி எடுத்ததைக் கையால் வரைந்ததோடு ஒரே சுவரில் மாட்டக் கூடாது என்கிறார். ஒளிப்படம் கலையா இல்லையா என்று ஒரு வார்த்தையில் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். ஒரு வார்த்தையில் சொல்வதானால் ‘ஆம்’ என்பேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை உங்கள் மூத்தவரின் ஐயத்தைத் தீர்க்காது. ஒரு படத்தின் முன்னால் நாம் வியந்து நிற்கும்போது அந்த வியப்பு லென்ஸுக்கு எதிரே இருந்த பொருளுக்கு உரியதா, பொறிக்கு உரியதா, எடுத்தவருக்கு உரியதா என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. அது நியாயமான கேள்வி. ஒளிப்படக்காரர்கள் பலர் அதைக் கேட்டவுடன் கோபித்துக்கொள்வதால் அதன் நியாயம் குறைந்துவிடாது. நான் பல ஆண்டுகள் இருட்டறையில் பிறருடைய நெகடிவ்களை அச்சிட்டுக் கொடுத்தவன். பிறகு ஒளிப்படம் கற்பித்தவன். தத்துவத்தை முறையாகப் பயின்றவன் அல்லன். ஆகவே தொழிலும் வரலாறும் சார்ந்தவற்றை உறுதியாகவும், அழகியல் சார்ந்தவற்றை என் கருத்தாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை இந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. பாரிஸில் மயேர், பியர்சோன் என்ற இரு ஸ்டூடியோ உரிமையாளர்கள், தாங்கள் வெளியிட்ட இத்தாலியத் தலைவர் கவூரின் படத்தைப் பிறர் நகலெடுத்து விற்கிறார்கள் என்று வழக்குத் தொடுத்தார்கள். கலைப் படைப்புக்குரிய பாதுகாப்பை அவர்கள் கோரியதால், ஒளிப்படம் கலையா என்பதை நீதிபதிகளே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. 1862 ஜனவரியில் கீழ் நீதிமன்றம் இல்லை என்றது. அதே ஆண்டு ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கலையாக இருக்கக்கூடும் என்று மாற்றித் தீர்ப்பளித்தது. ஆங்க்ர் முதலான ஓவியர்கள் கூடிக் கையொப்பமிட்ட எதிர்ப்பு மனுவும் எடுபடவில்லை. அமெரிக்காவில் நெப்போலியன் சரோனி என்பவர் 1882-இல் ஆஸ்கர் வைல்டைத் தம் ஸ்டூடியோவில் உட்காரவைத்து எடுத்த படத்தை ஒரு அச்சு நிறுவனம் 85,000 பிரதிகள் அடித்துவிட்டது. அது வெறும் பொறியின் பதிவுதானே என்று அந்த நிறுவனம் வாதிட்டது. உட்காரவைத்த விதம், உடை, திரைச்சீலை, ஒளியும் நிழலும் எல்லாம் சரோனியின் மனத்தில் உருவானவை என்று சொல்லி, 1884-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஓவியம், சிற்பம் ஆகியவற்றின் வரிசையிலேயே ஒளிப்படத்தையும் கலைப் படைப்பாக வைக்கிறது. ஆனால் கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று கூடவே ஒரு தொடரைச் சேர்த்துவிடுகிறது. அந்தத் தொடரால், பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படமும் சட்டப்படி கலைப் படைப்பே. சொத்து யாருடையது என்பதைத் தீர்ப்பதுதான் சட்டத்தின் வேலை. உங்கள் மூத்தவர் கேட்பதற்கு அதில் விடை இல்லை.

அருங்காட்சியகமும் சந்தையும் விடை தராது என்றே நினைக்கிறேன். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1940-இலேயே ஒளிப்படத்துக்குத் தனித்துறை தொடங்கியது. ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி ரைன் ஆற்றை எடுத்த ஒரு படம் 2011-இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இவை மதிப்பு வந்துவிட்டதைக் காட்டுகின்றன. அந்த மதிப்பு தகுதியானதா என்பதைக் காட்டவில்லை.

இனி எதிர்வாதத்தைப் பார்ப்போம். அதை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்ளாமல் மறுப்பதில் பயன் இல்லை. 1859-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியைப் பற்றி எழுதிய கவிஞர் பொதலேர், ஒளிப்படம் அறிவியலுக்கும் கலைகளுக்கும் பணிப்பெண்ணாக இருந்துவிட்டுப் போகட்டும், கற்பனையின் இடத்துக்குள் மட்டும் கால்வைக்க வேண்டாம் என்றார். அது பெரும்பாலும் ஆத்திரம். ஆத்திரமில்லாத வடிவத்தை ஆங்கிலேயத் தத்துவவாதி ரோஜர் ஸ்க்ரூட்டன் 1981-இல் எழுதிய ஒரு கட்டுரையில் காணலாம். அவர் வாதத்தை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். ஓர் ஓவியத்துக்கும் அதில் உள்ள பொருளுக்கும் இடையே ஓவியரின் எண்ணம் நிற்கிறது. ஆகவே இல்லாத ஒன்றையும் அவரால் வரைய முடியும், இருப்பதை வேறாகவும் வரைய முடியும். ஒளிப்படத்துக்கும் பொருளுக்கும் இடையே இருப்பது காரண காரியத் தொடர்பு மட்டுமே: ஒளி பட்டது, வேதிப்பொருள் மாறியது. ஆகவே ஒரு படத்தில் அழகைக் கண்டால், அது அங்கே இருந்த பொருளின் அழகு. படம் அதைக் காட்டும் ஜன்னல். கோணத்தையும் நேரத்தையும் எடுத்தவர் தேர்ந்தார் என்றால், ஜன்னலை எங்கே வைப்பது என்று தேர்ந்தார், அவ்வளவே.

இந்த வாதத்தின் முன்பகுதியை நான் ஏற்கிறேன். படத்தில் இருப்பது ஏதோ ஒரு நேரத்தில் லென்ஸுக்கு எதிரே இருந்தே ஆக வேண்டும். அதில் விவாதம் இல்லை. பின்பகுதிதான் என்னால் ஏற்க முடியாதது, அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழியும் உண்டு. எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயை எடுத்தார். எத்தனையோ குடைமிளகாய்களைப் பலவிதப் பின்னணிகளில் எடுத்துப் பார்த்த பிறகு, ஒன்றை ஒரு தகரப் புனலுக்குள் வைத்தார். புனலின் உட்சுவர் ஒளியைச் சுற்றிலும் மென்மையாகத் திருப்பி அனுப்பியதால், காயின் மடிப்புகள் பின்னிய தசைகளைப் போல எழுந்து நின்றன. லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கி, நிமிடக் கணக்கில் ஒளி படும்படி எக்ஸ்போஷர் கொடுத்தார். ஸ்க்ரூட்டன் சொல்வது சரியென்றால், அந்தப் படத்தில் எனக்குள்ள ஈடுபாடு அந்தக் காயில் உள்ள ஈடுபாடாக இருக்க வேண்டும். காயே கைக்குக் கிடைத்தால் படம் தேவைப்படக் கூடாது. காய்கறிக் கடையில் அதைவிட நல்ல காய் கிலோ கணக்கில் கிடைக்கிறது, ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. பொருள் அங்கே இருந்தது உண்மை, பொறி பதிந்ததும் உண்மை. ஆயினும் நாம் பார்த்துக்கொண்டிருப்பது இரண்டையும் அல்ல.

பொதலேர் காலத்து ஒளிப்படக்காரர்கள் இப்படிப் பதில் சொல்லவில்லை. ஓவியர்களின் அளவுகோலையே கையில் எடுத்துக்கொண்டு, நாங்களும் அப்படித்தான் செய்கிறோம் என்று காட்ட முற்பட்டார்கள். ஆஸ்கர் ரெய்லண்டர் 1857-இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை ஒன்றாக இணைத்து, இரு இளைஞர்களில் ஒருவன் நல்வழியையும் மற்றவன் தீயவழியையும் நாடுவதாக ஒரு பெரிய நீதிக்காட்சியை அமைத்தார். விக்டோரியா மகாராணி அதன் பிரதி ஒன்றை வாங்கினார். மறு ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகடிவ்களைச் சேர்த்து, மரணப் படுக்கையில் இருக்கும் ஒரு பெண்ணின் காட்சியை உருவாக்கினார். இவை உழைப்பில் குறைந்தவை அல்ல. என்றாலும் இன்று பார்க்கும்போது நாடக மேடையில் உறைந்துபோன நடிகர்கள்தான் தெரிகிறார்கள். ஓவியத்தின் வெளித்தோற்றத்தை எட்டியதும் அவர்களுக்கு அதற்கு மேல் போக இடமில்லை. இந்த ஒட்டுவேலையை வன்மையாக எதிர்த்தவர் பீட்டர் ஹென்றி எமர்சன். அவரும் ஒளிப்படம் கலையே என்று 1889-இல் ஒரு நூலே எழுதியவர்தான். மறு ஆண்டே தம் கொள்கை செத்துவிட்டது என்று கறுப்புக் கரையிட்ட ஒரு துண்டறிக்கை வெளியிட்டார். அதற்கு ஒரு முக்கியக் காரணம், ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவரின் ஆய்வு. நெகடிவின் எந்தப் பகுதி எவ்வளவு கறுக்கும் என்பது விழுந்த ஒளியின் அளவுக்குக் கட்டுப்பட்டது, டெவலப் செய்பவர் தம் விருப்பப்படி ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் உள்ள விகிதத்தை மாற்றிவிட முடியாது என்று அவர்கள் அளந்து காட்டினார்கள். கட்டுப்பாடு கையில் இல்லையென்றால் கலையும் இல்லை என்பது எமர்சனின் முடிவு. நேர்மையான மனிதர், ஆனால் அவரும் அவர் எதிர்த்தவர்களும் ஒரே இடத்தில் தடுமாறினார்கள் என்பது என் கருத்து. கலை என்றால் கை புகுந்து மாற்றியிருக்க வேண்டும் என்பதை இரு தரப்பும் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டார்கள்.

நம் ஊரிலேயே எடுக்கப்பட்ட படங்களை வைத்து இதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1857-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டு, அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டிகளில் தளவாடங்களை ஏற்றிக்கொண்டு சுற்றினார். அரசு கேட்டது கட்டடங்களின் பதிவு. கலையை யாரும் கேட்கவில்லை. கண்ணாடித் தகட்டில் பூசும் கொலோடியன் என்ற பசை நம் வெயிலில் நொடியில் உலர்ந்துவிடும் என்பதால், பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகித நெகடிவ்களையே அவர் பயன்படுத்தினார். அந்தக் காகிதம் நீல ஒளிக்கு மட்டும் கூர்மையாக இருந்ததால் வானம் எப்போதும் வெறும் வெள்ளையாகவே விழுந்தது. ஆகவே சில நெகடிவ்களின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை, கேமராவைச் சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். எந்த எந்திர உதவியும் இல்லாத காலத்தில் தூரம், உயரம், வெயில் எல்லாவற்றையும் ஒரே சீராக வைத்திருந்தால் ஒழிய அந்த இணைப்புகள் பொருந்தியிருக்காது. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் செலவு அதிகம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

இதில் எது கலை? கை புகுந்த இடம் என்று தேடினால் தீட்டிய மேகங்களைத்தான் காட்ட வேண்டும். எனக்கோ அவை அந்தப் படங்களில் மிகச் சாதாரணமான பகுதி. 21 துண்டுக் கல்வெட்டுப் படத்தை வியப்புக்குரிய கைத்திறன் என்பேன்; கலை என்று சொல்லத் தயங்குவேன், ஏனெனில் அதில் ஒவ்வொரு முடிவையும் கல்வெட்டே கட்டாயப்படுத்தியது. மதுரைப் புதுமண்டபத்தின் பக்கத் தாழ்வாரத்தை அவர் எடுத்த படத்தில் அந்தத் தயக்கம் எனக்கு இல்லை. மண்டபத்தின் தூண்களைப் பதிய வேண்டும் என்பது அரசின் தேவை. அதை ஆறேழு இடங்களிலிருந்து நிறைவேற்றியிருக்கலாம். தூண் வரிசை உள்ளே உள்ளே குறுகிச் செல்லும்படியும், வெயில் தரையில் பட்டைபட்டையாக விழுந்து அந்த ஆழத்தை எண்ணிக் காட்டும்படியும் ஓர் இடத்தையும் ஒரு வேளையையும் அவர் தேர்ந்திருக்கிறார். தேவையை நிறைவேற்றிய பிறகும் மிச்சமாக ஏதோ ஒன்று படத்தில் நிற்கிறது. நான் கலை என்று சொல்வது அந்த மிச்சத்தைத்தான். ஆணையிட்டவருக்கும் தெரியாமல், ஒருவேளை எடுத்தவரே பெயரிட்டுச் சொல்லாமல் அது வந்து சேரக்கூடும்.

தேர்வு என்றால் எங்கே நிற்பது என்பது மட்டுமல்ல. கல்கத்தாவில் 1815-இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், தம் 48-ஆவது வயதில், 1863-ஆம் ஆண்டின் இறுதியில் முதல் கேமராவைப் பரிசாகப் பெற்றவர். முகங்களை மிக அருகிலிருந்து, ஃபோகஸ் சற்றே நெகிழ்ந்த நிலையில் எடுத்தார். தகட்டின் கீறலும் விரல் தடமும் கூடப் பல படங்களில் அப்படியே இருக்கின்றன. லண்டனின் ஒளிப்படச் சங்கத்தார் இவருக்குத் தொழில் தெரியவில்லை என்று எழுதினார்கள். எது சரியான ஃபோகஸ் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேட்டார். பின்னாளில் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, களுத்துறையில் உள்ளூர் மக்களைப் படமெடுத்து, 1879-இல் மலையகத்தில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். அவரைக் குறைசொன்னவர்கள் எடுத்த கூர்மையான படங்கள் ஏராளம்; அவற்றைத் தேடிப் பார்ப்பவர்கள் இன்று வரலாற்று மாணவர்கள் மட்டுமே. ஆனால் பிழையைப் பாணி என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு இது சாட்சியம் ஆகாது. கேமரனின் நெகிழ்ந்த ஃபோகஸ் படத்துக்குப் படம் ஒரே மனத்தோடு திரும்பத் திரும்ப வருகிறது. கை நடுங்கி எடுத்த படத்தில் அந்தத் தொடர்ச்சி இருக்காது.

அச்சிடுதல் எனக்கு மிகப் பழக்கமான பகுதி என்பதால் இங்கே சற்று அதிகம் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நெகடிவில் இருப்பதை அப்படியே தாளில் இறக்குவதுதான் பிரிண்ட் போடுவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜரின் கீழே வேலை செய்த எவருக்கும் ‘அப்படியே’ என்று ஒன்று இல்லை என்பது தெரியும். கறுப்பு வெள்ளை வேறுபாட்டைத் தீர்மானிக்கும் தாளின் கிரேடை ஒரு படி மாற்றினால் அந்தி மதியமாகிவிடும். முகத்தின் மேல் விழும் ஒளியைக் கையால் சில நொடி மறைத்தால் முகம் வெளுத்து எழும். மூலையில் ஒளியைக் கூடுதலாகக் காட்டினால் அங்கே இருக்கும் கூட்டம் இருளில் அமிழ்ந்துவிடும். விகிதங்கள் மாறாதவை என்று எமர்சன் மனம் தளர்ந்தாரே, அது நெகடிவைப் பற்றிய உண்மை. அச்சில் அந்த விகிதங்கள் மீண்டும் அச்சிடுபவர் கைக்கு வந்துவிடுகின்றன. ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் நிலவு எழுவதை எடுத்த படம் இதற்குச் சரியான சான்று. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபோது லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை; நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்பது மனப்பாடமாக இருந்ததால் அதிலிருந்து எக்ஸ்போஷரைக் கணக்கிட்டு ஒரே ஒரு நெகடிவ் எடுத்தார்; இரண்டாவது எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. அந்த ஒரே நெகடிவிலிருந்து பல பத்தாண்டுகள் அவர் அச்சிட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்ப அச்சுகளில் வானம் சாம்பல் நிறத்தில் மேகக் கீற்றுகளோடு இருக்கிறது; பிற்கால அச்சுகளில் அது ஏறக்குறையக் கறுப்பாகிவிடுகிறது. எதிரே இருந்த பொருள் ஒன்று, பதிந்த ஒளி ஒன்று, பொறி ஒன்று. படங்கள் மட்டும் வேறு வேறு. ஸ்க்ரூட்டனின் ஜன்னல் இதற்கு என்ன விளக்கம் தரும் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மூத்தவர் அடுத்து எழுப்பக்கூடிய தடை இதைவிடக் கடினமானது: தற்செயல். யாரோ ஒருவர் தற்செயலாக அழுத்திய ஷட்டரில் ஓர் அற்புதப் படம் விழுந்துவிடும். தற்செயலாக ஒரு நல்ல ஓவியம் யாருக்கும் வந்ததில்லை. இது உண்மை, மறுப்பதற்கில்லை. ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1932-இல் பாரிஸின் ஒரு ரயில் நிலையத்துக்குப் பின்னால், வேலிப் பலகைகளின் இடுக்கில் லென்ஸை வைத்து, தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் ஒருவரை எடுத்தார். பலகை ஒன்று படத்துக்குள் வந்துவிட்டதால், வெட்டுவதை வெறுத்த அவரே அந்தப் படத்தின் ஓரத்தை வெட்ட வேண்டியிருந்தது. அந்த ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அது அதிர்ஷ்டமா ஆற்றலா என்று என்னால் சொல்ல முடியாது. வேறு எவராலும் முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் அதே மனிதர் ஊர் ஊராக, ஆண்டுக்கணக்கில், உருவங்கள் ஒன்றோடொன்று இசையும் அந்த ஒரு கணத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஓவியம் பயின்ற கண் அது. 1950-இல் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களில் எடுத்தவற்றிலும் அதைக் காணலாம். அதிர்ஷ்டம் அத்தனை முறை ஒரே வீட்டுக் கதவைத் தட்டாது.

ஆகவே மாணவர்களிடம் நான் எப்போதும் கான்டாக்ட் ஷீட்டைத்தான், அதாவது எடுத்த எல்லாப் படங்களையும் சிறிதாக ஒரே தாளில் அச்சிட்டதைத்தான், முதலில் கேட்பேன். தேர்ந்த படம் அவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதைக் காட்டும். தேராத படங்கள் அவர்கள் எப்படித் தேடினார்கள் என்பதைக் காட்டும். டொரத்தியா லாங்கே 1936-இல் கலிஃபோர்னியாவில் ஒரு புலம்பெயர் தொழிலாளித் தாயை எடுத்த படம் உலகறிந்தது. அன்று எடுத்த மற்றப் படங்களும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில் கூடாரம் முழுவதும் தெரிகிறது, இன்னொன்றில் பெட்டியும் தட்டும் கவனத்தைப் பிரிக்கின்றன. புகழ்பெற்ற படத்தில் கூடாரம் ஏறக்குறைய மறைந்து, தாயின் முகமும், இருபுறமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தைகளும் மட்டும் எஞ்சுகின்றன. பிள்ளைகளின் முகத்தைக் காட்டாமல் விட்டதுதான் அந்தப் படத்தின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. அதன் கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பற்றிய ஒரு கட்டைவிரலைப் பின்னர் நெகடிவில் அழிக்கச் செய்தார். அரசுக்காக எடுத்த ஆவணத்தில் அப்படிச் செய்யலாமா என்ற வாதம் அப்போதே எழுந்தது, இன்றும் நியாயமானது. ஆனால் ஆவணமாக இருப்பதும் கலையாக இருப்பதும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. எந்தத் தகுதியில் முன்வைக்கிறோம் என்பதைப் பொறுத்து நேர்மையின் விதிகள் மாறுகின்றன.

எனக்கே தெளிவில்லாத இடங்களும் உண்டு. பழைய பாரிஸின் தெருக்களையும் கடை முகப்புகளையும் எடுத்த யூஜீன் அட்ஜே, ஓவியர்களுக்கு மாதிரிப் படம் விற்றுப் பிழைத்தவர். 1926-இல் கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்க முயன்ற மிகைநடப்பியல் (சர்ரியலிசம்) இயக்கத்தாரின் இதழ் ஒன்று அவர் படத்தை வெளியிட்டபோது, என் பெயரைப் போட வேண்டாம், இவை நான் தயாரிக்கும் ஆவணங்கள் மட்டுமே என்றார். மறு ஆண்டு இறந்தார். அவருடைய தொகுப்பைக் காப்பாற்றியவர் பெரெனிஸ் அபட் என்ற இளம் ஒளிப்படக்காரர். இன்று அட்ஜேயைக் கலைஞர் இல்லை என்று சொல்லத் துணிபவர் யாரும் இல்லை. எடுத்தவரே கலை இல்லை என்றதை நாம் கலை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? புதுமண்டபப் படத்தில் நான் சொன்ன அந்த மிச்சம் அட்ஜேயிடம் நிறையவே இருக்கிறது என்பது என் பதில். ஆனால் அந்த மிச்சத்தை நான் அதில் ஏற்றிப் பார்க்கிறேனா, அது அங்கேயே இருக்கிறதா என்று ஒருவர் வற்புறுத்திக் கேட்டால் என்னால் நிறுவிக் காட்ட முடியாது. எல்லைக்கு மறுபக்கத்தில், 2011-இல் சுலாவேசித் தீவில் ஒரு குரங்கு தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம் இருக்கிறது. அதன் பதிப்புரிமை குறித்து வழக்கு 2018 வரை அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்தது. இனிமையான படம்தான், இன்னும் நூறு படம் எடுக்கக் கொடுத்தாலும் அந்தக் குரங்கு எதைத் தேடுகிறது என்பது நமக்குத் தெரியப்போவதில்லை.

இப்போது கைபேசியே பல ஃப்ரேம்களை எடுத்து, சேர்த்து, வானத்தையும் முகத்தையும் தனித்தனியே சமன்செய்து தந்துவிடுகிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். அது அச்சிடுபவரின் வேலையில் ஒரு பகுதியைப் பொறிக்கு மாற்றியிருக்கிறது. அதன் விளைவாக எல்லோருடைய படமும் ஒரே சாயலில் வருகிறது. எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது, எதை விடுவது என்பவை இன்னும் எடுப்பவரிடமே இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்கள் வேறு வகை. 2023-இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியக் கலைஞர், அப்படி உருவாக்கிய படத்தை ஒரு பன்னாட்டு ஒளிப்படப் போட்டிக்கு அனுப்பி, பரிசு கிடைத்ததும் அது ஒளிப்படமே அல்ல என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி என்பது என் எண்ணம். இல்லாத ஒன்றையும் காட்ட முடிய வேண்டும் என்று ஸ்க்ரூட்டன் ஒளிப்படத்திடம் எதைக் கேட்டாரோ, அது இந்தப் படங்களுக்குத் தாராளமாக உண்டு. ஆனால் எதிரே எதுவும் நின்றதில்லை என்பதால் அவை ஒளிப்படம் ஆகவில்லை. எதிரே இருப்பதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்பது ஒளிப்படத்தின் குறை என்று இவ்வளவு காலம் சொல்லப்பட்டது. வெண்பாவுக்கு யாப்பு எப்படியோ, ஒளிப்படத்துக்கு அந்தக் கட்டு அப்படி என்றே நான் கொள்கிறேன்.

உங்கள் கண்காட்சிக்கு வருவோம். அந்த இருவரிடமும் ஆளுக்கு ஒரு நல்ல படம் வாங்கி மாட்டாதீர்கள். அதில்தான் உங்கள் மூத்தவரின் ஐயம் தீராமல் நிற்கும். ஒரே பொருளில் பத்துப் பன்னிரண்டு படங்களைக் கேளுங்கள். அவற்றை எடுத்த நாட்களின் தேராத படங்களையும் கணினியில் காட்டச் சொல்லி, மூத்தவரையும் அருகில் உட்காரவைத்துப் பாருங்கள். ஐந்தாறு படங்களுக்குள் ஒரு தேடல் புலப்பட்டால் தயங்காமல் இடம் கொடுக்கலாம். புலப்படாவிட்டால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அப்படி மறுக்க வேண்டிய ஓவியங்களும் உங்கள் குழுவில் இருக்கக்கூடும். மாட்டுவதென்று முடிவானால், அச்சை யார் போட்டார், எந்தக் காகிதம், எத்தனை பிரதிகளுக்கு மேல் போடமாட்டார் என்பதை எழுத்தில் வாங்கி, படத்தின் அருகில் உள்ள சீட்டில் குறிப்பிடுங்கள். ஓவியம் ஒன்றுதான் இருக்கும், ஒளிப்படம் எத்தனையும் போடலாம் என்பதால், வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.